சிறைச்சாலையில் நான் பேசிய இருபத்தாறு நிமிடங்கள்

என் மாமா சிறைச்சாலை அத்தியட்சகர். சாதாரண காவலராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். ஒவ்வொரு படியிலும் எதையாவது திருத்திவிட்டே அடுத்த படியில் கால் வைத்தவர். கைதிகளை இலக்கத்தால் அழைக்கக் கூடாது, மரியாதையாகவே பேச வேண்டும் என்பது அவருடைய முதற் சீர்திருத்தம். அதன் பின்னர் அந்தச் சிறையின் காவலர்கள், "அண்ணை, குறை நினையாதேங்கோ, பூட்டப்போறன்" என்று அறிவித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டினார்கள். "ஓம் தம்பி, பூட்டுங்கோ" என்று உள்ளிருந்து அனுமதியும் கிடைத்தது.

விதி எல்லோருக்கும் ஒன்று என்பது இரண்டாவது சீர்திருத்தம். கைத்தொலைபேசியை வாசலில் ஒப்படைக்காமல் எவரும் உள்ளே போக முடியாது. நண்பகலில் கைதிகளை எண்ணும்போது, எண்ணிக்கை சரிவரும்வரை வெளிக்கதவு எவருக்காகவும் திறக்கப்படாது. இந்த எண்ணும் வழக்கம் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. சாவகச்சேரியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பேருந்தில் எங்களை எண்ணி ஒருவர் கூடுவதைக் கண்டார். எங்களோடு கதைத்துக்கொண்டிருந்த சுன்னாகத்து வெங்காய வியாபாரி ஒருவரை வேறு இருக்கைக்கு மாற்றிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது.

அவரால் திருத்த முடியாமற் போனது பார்வையாளர் அறை ஒன்றுதான். அந்த அறையின் நடுவே இரண்டு கம்பிவலைகள். இடையில் ஒரு ஆள் படுக்கக்கூடிய தூரம். இந்தப் பக்கம் கைதிகள், அந்தப் பக்கம் குடும்பங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதால் எவருக்கும் எதுவும் கேட்காது. வலைகளை அகற்றி மேசையும் உட்கார வாங்குப் பலகையும் போட அனுமதி வேண்டி மாமா ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதினார். கவனத்தில் எடுக்கப்பட்டதாக ஆண்டுக்கணக்காகப் பதில் வந்தது. அவர் ஓய்வுபெறும் கடைசி வாரத்தில் கொழும்பிலிருந்து மேலதிகாரி ஒருவர் நேரில் வரச் சம்மதித்தார். மட்டக்களப்பில் நெடுங்காலம் கடமையாற்றித் தமிழை நன்றாகக் கற்றிருந்த சிங்களவர் அவர்.

மாமா ஒரு பட்டிமன்றம் ஒழுங்குசெய்தார். மனிதனைத் திருத்துவது தண்டனையா, உரையாடலா என்பது தலைப்பு. பேச்சாளர்கள் அறுவரில் ஐவர் கைதிகள். உரையாடல் அணிக்குத் தலைவன் நான். மாவட்டப் போட்டிகளில் எனக்கு நிகரில்லை என்பதை நான் சொல்லவில்லை, நடுவர்கள் சொன்னார்கள்.

"ஏழு நிமிசம்," என்றார் மாமா. "ஏழே ஏழு. பெரியவருக்கு மத்தியானம் ரயில். நீ முடிக்க, நான் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த அறையைக் காட்டவேணும். கண்ணாலை கண்டால் கையெழுத்து வைப்பார்."

"ஓம் மாமா."

மேடையில் யார் கைதி என்று தெரியக் கூடாது என்பதால் அறுவருக்கும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சால்வை. மங்கல விளக்கு, தேவாரம், மாமா கிறிஸ்தவர் என்பதால் ஒரு ஜெபம், வரவேற்புரை, ஆளுக்கொரு மாலை, ஆளுக்கொரு பொன்னாடை என்று ஒரு மணித்தியாலம் கழிந்தது. கைதிகள் ஐவரும் ஏழாவது நிமிடத்தில் ஒழுங்காக நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. மணியடிக்க நியமிக்கப்பட்டிருந்தவர், தேங்காய் களவெடுத்து ஆறு மாதத் தண்டனை அனுபவிப்பவர். மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"தம்பி, எனக்கு ஆறு மாசம் எண்டு தீர்த்தவை. ஒரு நாள் கூட்டித் தாங்கோ எண்டு நான் கேட்டனானோ? உமக்கு ஏழு நிமிசம்!"

சபை சிரித்தது. அந்தச் சிரிப்பையே படியாக்கி அடுத்த பகுதிக்கு ஏறினேன். உரையாடலின் மேன்மையைப் பற்றி, வேறு எவரையும் வாய்திறக்க விடாமல், இருபத்தாறு நிமிடங்கள் பேசினேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் மேலதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அருமையான பேச்சு. அந்த அறையை அடுத்த முறை பார்க்கிறேன்."

மாமாவுக்கு அடுத்த முறை என்று ஒன்று இல்லை. வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அவர் என்னைத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

அப்போது நண்பகல் மணி அடித்தது. ஒரு காவலர் வரிசையாக வந்து ஒவ்வொருவர் தோளிலும் தட்டினார். என் தோளிலும் தட்டினார். பாராட்டுகிறார் என்று எண்ணிக் கைகூப்பினேன்.

"சேர், கணக்கிலை ஒராள் கூடுது," என்றார் காவலர்.

"திரும்ப எண்ணும்," என்றார் மாமா.

மறுபடி தட்டினார், மறுபடி கைகூப்பினேன்.

வெளிவாசலுக்குச் செல்லும் குறுக்குவழி பார்வையாளர் அறைக்குள்ளாலேதான் போகிறது; காலையில் பெரிய வழியால் வந்த மேலதிகாரி, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இந்த வழியால் போயிருந்தார். அங்கே, கைதிகளின் பக்கத்தில், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார். "நான் உங்களுக்கு மேலதிகாரி!"

"ஓம் சேர். உங்கடை கையெழுத்தோடைதான் இந்த விதி வந்தது," என்றார் மாமா.

மேலதிகாரியின் தொலைபேசியோ வாசலில். எதிர்ப்பக்கத்தில், குடும்பங்களுக்கு நடுவே, அவருடைய சாரதி நின்றான். பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு வரும்படி மேலதிகாரி சொன்னார். சாரதி காதில் கையை வைத்தான். மேலதிகாரி கத்தினார். சாரதி மற்றக் காதிலும் கையை வைத்தான். அவன் அருகில் நின்ற பெண், மணியடித்தவரின் மனைவி, தொண்டை பழகியவர். அவருடைய குரல் மட்டும் இரண்டு வலைகளையும் கடந்து வந்தது.

"ஐயா! வாயை வடிவாத் திறந்து ஒவ்வொரு சொல்லாக் கத்துங்கோ! முதல் நாள் எல்லாருக்கும் உப்பிடித்தான். எத்தினை மாசம் போட்டவை?"

மேலதிகாரி வலையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தண்டனை இல்லை!" என்று அலறினார்.

"உள்ளை நிக்கிற எல்லாரும் அதைத்தான் சொல்லினம்!"

ஆறு நிமிடம் கத்தினார். அதற்குள் மணியடித்தவர் காவலரிடம் என்னைச் சுட்டிக்காட்டி, "உவர் எங்கடை ஆளில்லை, கதைக்க வந்த தம்பி," என்று சொல்லிவிட்டார். எண்ணிக்கை சரிவந்தது, கதவு திறந்தது, ரயில் போயிருந்தது. மேலதிகாரி வெளியே போகவில்லை. குரல் முற்றாக அடைத்துவிட்டிருந்ததால், பேனாவுக்குக் கையை நீட்டினார். விழா நிகழ்ச்சிநிரலின் பின்பக்கத்தில், இரண்டு வலைகளையும் உடனே அகற்றவும் என்று எழுதி ஒப்பமிட்டார். மாமா அந்தத் தாளை நான்காக மடித்து, இருதயத்துக்கு மேலே இருந்த பையில் வைத்தார்.

"உன்ரை இருபத்தாறு நிமிசத்திலை அவர் அசையேல்லை, தம்பி," என்றார் என்னிடம். நான் மேடையிலிருந்து இறங்கிய பிறகு அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை வலைகளை வெட்டி எடுத்தார்கள். முதல் மேசைக்கு மணியடித்தவரையும் மனைவியையும் அழைத்தார்கள். இருவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"பிள்ளைக்குக் காய்ச்சல் மாறீட்டுதோ?" என்று அவர் அறை அதிரக் கத்தினார்.

"மாறீட்டுது!" என்று மனைவியும் கத்தினார். பிறகு சுற்றிப் பார்த்தார். கதவடியில் என் மாமா, கடைசி நாளின் சீருடையில், எங்களை எண்ணவும் மறந்து நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் கணவனின் கையைத் தொட்டு, "மெல்லக் கதையுங்கோவன், கேக்குது," என்றார்.