தாயாரம்மாளின் கணினி கறுத்துப்போன நாள்

உத்திரமேரூரிலிருந்து புறப்படும் டவுன் பஸ் கடைசியாக வந்து திரும்புகிற ஊர் அது. பஸ் திரும்பும் இடத்துக்கு எதிரே, பழைய பால் சொசைட்டியின் முன்னறையில், தாயாரம்மாள் ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்துக் கடை நடத்திவந்தாள். கல்யாண அழைப்பு, பஞ்சாயத்துக்கு மனு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று தமிழில் எதை அடிக்க வேண்டுமானாலும் சுற்றுவட்டாரத்தில் அவளிடம்தான் வருவார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். விரல்கள் விசைகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் போகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிப்பாள்.

முதலில் அந்தக் கணினியில் மாதம் தவறாமல் வைரஸ் புகுந்தது. அடித்து வைத்த பத்திரிகைகள் காணாமல் போயின. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்த தினேஷ்குமார், தன் கல்யாணப் பத்திரிகைக்காக வந்தவன், அவள் படும் பாட்டைப் பார்த்து வைரஸ் எளிதில் அண்டாத லினக்ஸைப் போட்டுக் கொடுத்தான். மறுநாள் திரையில் கோப்பு, திருத்து, சேமி என்று எல்லாம் தமிழில் வந்து நின்றதைப் பார்த்ததும் தாயாரம்மாள் கணவன் ஏகாம்பரத்தைக் கொல்லையிலிருந்து வரவழைத்துக் காட்டினாள். "பாருங்க, நம்ம பாஷையில பேசுது!"

ஒரே ஒரு குறைதான். சில எழுத்துகள் உடைந்து வந்தன. போன வருடம் பாரதக் கூத்து நோட்டீஸில் திரௌபதி அம்மன் பெயரில் 'ரௌ' எழுத்தின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கமாகச் சிதறி, இடையில் ஒரு புள்ளி வட்டத்தோடு அச்சாகிவிட்டது. கூத்து வாத்தியார் நேராகக் கடைக்கே வந்து, "அம்மன் பேருக்கு நடுவுல இன்னாம்மா ரவுண்டானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது மனசில் தைத்துவிட்டது.

அதனால் 2007 கோடையில், புதிய லினக்ஸில் தமிழ் எழுத்து ஒழுங்காக வரும் என்று தினேஷ்குமார் பஸ் கண்டக்டரிடம் ஒரு சிடி கொடுத்தனுப்பியபோது, அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் வர்ற வரைக்கும் கை வெக்காதீங்கக்கா" என்று அவன் சொல்லியிருந்தான். அவன் வருவது ஞாயிற்றுக்கிழமை. கூத்துக்குக் கொடியேற்றமோ வெள்ளிக்கிழமை. வியாழன் காலை சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு சிடியை உள்ளே தள்ளினாள்.

எல்லாம் நல்லபடியாகவே ஓடியது. கடைசியில் கணினி தானாக நின்று மறுபடி எழுந்தது. எழுந்ததும் திரை முழுக்கக் கறுப்பு. மூலையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி, பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. படங்களில்லை, மெனு இல்லை, மௌஸ் அம்பு இல்லை. அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு. இந்த வருடக் கூத்து நோட்டீஸ் சாயங்காலத்துக்குள் வேண்டும்.

ரோடு போட வந்த மிஷின் டெலிபோன் கேபிளை அறுத்துப் போட்டிருந்ததால் கடை போன் ஊமையாகிக் கிடந்தது. ஏகாம்பரத்திடம் ஒரு செல்போன் உண்டு. அதற்கு சிக்னல் கிடைப்பது ஏரிக்கரை மதகு மேல் மட்டும். அவன் அங்கே போய் ஏறி நின்று தினேஷ்குமாரைப் பிடித்தான்.

"உள்ள எல்லாம் பத்திரமாக் கீதாம்! படம் காட்டற டிரைவர்தான் மக்கர் பண்ணுதாம்!" என்று கரையிலிருந்து கத்தினான். பாதிதான் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

கரைக்கும் கடைக்கும் நடுவில் வேர்க்கடலைக் கொல்லை. அங்கே கடலை பறித்துக்கொண்டிருந்தாள் சொக்கம்மாள். ஊர் ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். கிளி விரட்ட அவள் ஒரு சத்தம் கொடுத்தால் அடுத்த ஊர்க் கொல்லைக் கிளியும் கிளம்பிவிடும் என்பார்கள். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"யக்கா, நீ உள்ளயே குந்து. அண்ணன் சொல்றத நான் சொல்றேன், நீ சொல்றத அங்க சொல்றேன்!"

அப்படியே நடந்தது. தினேஷ்குமார் காஞ்சிபுரத்திலிருந்து சொல்ல, ஏகாம்பரம் மதகிலிருந்து கத்த, சொக்கம்மாள் கொல்லையிலிருந்து கூவ, தாயாரம்மாள் கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அடித்தாள். சாய்ந்த கோட்டுக்கு சொக்கம்மாள் "சரிஞ்ச குச்சி" என்று பெயர் வைத்தாள். புள்ளிக்கு "பொட்டு". ஒருவழியாக, திரையில் படம் காட்டும் அந்த டிரைவர் மென்பொருளின் பெயர் எழுதியிருக்கும் கோப்பு திறந்தது.

"இருக்கற பேர எடுத்துட்டு 'வெசா'ன்னு போடணுமாம்!" என்றான் ஏகாம்பரம்.

"விசாவாம் யக்கா! விசா!" என்று ஊரே அதிரக் கூவினாள் சொக்கம்மாள்.

தாயாரம்மாள் தனக்குத் தெரிந்த ஸ்பெல்லிங்கில் விசா என்று அடித்தாள்.

அந்தச் சத்தம் சின்னப்பையன் வீட்டிலும் விழுந்தது. சின்னப்பையன் வெல்டர். துபாய் போக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்தவன். கரையிலிருந்து போனில் விசா, விசா என்று கத்துகிறார்கள் என்றால் வேறு என்ன? அவன் அம்மா இனிப்பு கிண்ட வாணலியில் ரவையைக் கொட்டிவிட்டாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கடைக்கு ஓடிவந்தான்.

"அக்கா! விசா வந்துட்ச்சா?"

தாயாரம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்போதுதான் ஒரு பிழைச் செய்தி வந்திருந்தது. "விசான்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லுது" என்றாள்.

"விசா இல்லியாம்!" என்று சொக்கம்மாள் அதையும் கரைக்குச் சேர்த்தாள்.

சின்னப்பையன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தாயாரம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. "ஐயய்யோ, உன் விசா இல்லப்பா, இது கம்ப்யூட்டர் விசா!" என்று எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினாள். அவனுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கம்மா கேசரியே கிண்டிக்கினு கீதுக்கா."

"கிண்டட்டும். நீ மொதல்ல மதகுக்கு ஓடு. அந்த பேரை ஒரொரு எழுத்தா கேட்டுனு வா."

சின்னப்பையன் வரப்பில் ஓடினான். திரும்பி வந்தபோது உள்ளங்கையைப் பார்த்துப் படித்தான்: வி, இ, எஸ், ஏ. இரண்டாவது எழுத்தில்தான் கோளாறு. ஐ இருந்த இடத்தில் இ போட்டுச் சேமித்து, சொக்கம்மாள் கூவிய கட்டளையை அடித்து, தாயாரம்மாள் விசையைத் தட்டினாள்.

திரை ஒரு தரம் சிலிர்த்தது. பிறகு நீல நிறம் படர்ந்து, மௌஸ் அம்பு நடுவில் வந்து நின்றது. எல்லாம் கண்ணாடி போட்டுப் பார்த்ததுபோலப் பெரிது பெரிதாக இருந்தது. அவளுக்கு அது போதும். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து திரௌபதி என்று அடித்தாள். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. அவளுக்குக் கண் கலங்கியது.

சாயங்காலம் நோட்டீஸ் உத்திரமேரூருக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனது. கேசரியைக் கடை வாசலிலேயே எல்லோரும் தின்றார்கள். சொக்கம்மாள் உள்ளே வந்து, "நான் கத்துனது எங்க கீது, காட்டு யக்கா" என்று கேட்டு, அந்த நான்கு எழுத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இத்தினிக்கோண்டா? இதுக்கா எந்தொண்ட போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை தினேஷ்குமார் வந்து, இது தற்காலிக ஏற்பாடு, சரியான டிரைவரைப் போட வேண்டும் என்று நாற்காலியை இழுத்தான். தாயாரம்மாள் நகரவில்லை.

"நீ பக்கத்துல குந்து தம்பி. எதுக்கு எதைப் போடறோம்னு சொல்லு. அடிக்கறது நான்."

அன்று மத்தியானம் வரை அவன் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். கறுப்புத் திரை அதற்குப் பிறகு அவளைப் பயமுறுத்தியதில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் யார் லினக்ஸை மேம்படுத்திவிட்டுத் திகைத்து நின்றாலும் அவளுக்குச் சொல்லியனுப்ப ஆரம்பித்தார்கள். பழையசீவரத்தில் ஒரு ஸ்டூடியோ, ஐயங்கார்குளத்தில் ஒரு டியூஷன் சென்டர் என்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒருமுறை தாமலில் ஒரு மீனவர் சங்கத்துக் கணினியை எழுப்பிக் கொடுத்துவிட்டு, ஏரி விரால் இரண்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினாள். பஸ் ஸ்டாப்பில் காத்திருந்த ஏகாம்பரம் மீனை வாங்கி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தான்.

"பரவாயில்லியே. அடுத்தது எந்த ஊர்ல கறுக்கும்?"

"மொதல்ல வூட்டுக்குப் போயி கொழம்பு வெக்கலாம் வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.