ஏழாவது சன்னல்

எனக்கு அறுபத்தைந்து வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதலாக உள்ள இரண்டும் என் நாத்தனார் விட்டுப்போனவை. ஆறு பேரையும் படிக்க வைத்தேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதையும் இரண்டு முறை. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் பார்த்து ஏறுவேன். அதற்குமேல் எழுத்தை நான் தொந்தரவு செய்ததில்லை.

ஆனாலும் ஒரு புத்தகத்தை இன்றைக்கும் வரி பிசகாமல் சொல்வேன். அது ஒரு பேய்க்கதைப் புத்தகம். சிறுபிள்ளைகளுக்கென்று போட்டது. அட்டையில் பச்சை நிறத்தில் ஒரு முகம், அதற்குப் பின்னால் ஒரு பங்களா. எனக்கு அப்போது பத்து வயது. எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு மில் வேலை, உப்பளம் பேட்டையில் இரண்டு அறை வீடு. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

புத்தகத்தை வாடகைக்கு எடுத்துவந்தவள் சின்னம்மா. அம்மாவின் தங்கை. பத்தொன்பது வயது, பத்தாவது பாஸ். தாய் தகப்பன் போன பிறகு எங்களோடு இருந்தாள். எங்கள் ஊரில் மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடையை அடைத்துவிட்டுத் தூங்குவார்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். என் அம்மாவுக்கு ஒரு பிரெஞ்சு வார்த்தை தெரியாது, ஆனால் அந்தத் தூக்கத்தை ஒருநாளும் விட்டதில்லை. உச்சி வேளையில் பேய் உலாவும் என்று பெண்பிள்ளைகளை வாசலுக்குக்கூட விடமாட்டாள். அதனால் அந்த நேரத்தில் நாங்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பேயை வரவழைத்துக்கொண்டோம்.

தூளியில் தம்பி தூங்குவான். கயிறு என் கால் கட்டைவிரலில். சின்னம்மா அடிக்குரலில் படிப்பாள். லில்லி என்று ஒரு சிறுமி, மலைமேல் இருக்கும் பங்களாவுக்கு வருகிறாள். மாடியில் ஏழு சன்னல். ஆறு திறந்திருக்கும், ஏழாவது மூடியே இருக்கும். தினமும் அதன் உள்ளிருந்து மூன்று தட்டு கேட்கும். காற்று என்பார்கள் வீட்டார். காற்று மூன்று தட்டு தட்டிவிட்டு நிறுத்துமா? ஒவ்வொரு தட்டுக்கும் அவர்கள் வெளியில் ஓர் ஆணியைக் கூடுதலாக அடிப்பார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் சின்னம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள், வேண்டுமென்றே. நான் பாவாடை ஓரத்தைக் கடித்துக்கொண்டு இருப்பேன். புளியங்காய் தின்கிற மாதிரிதான் அது. பல் கூசும், கை நிற்காது. நான் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. பயப்படத் தெரிந்தவளுக்குத்தான் பேய்க்கதை. பயந்தாங்கொள்ளிக்கு இல்லை.

லில்லி ஏழாவது சன்னல்மீது கையை வைத்த இடத்தில் சின்னம்மா புத்தகத்தை மூடினாள். "முடிவு நாளைக்கு" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நான்கு நாள் நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சைகோன்வரை போய் வந்தவர், ஐம்பது வயது, பெண்டாட்டி செத்து இரண்டு வருடம். சீர் செனத்தி வேண்டாம், பெண் வந்தால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார். தெருவே எங்கள் அதிர்ஷ்டத்தைப் பேசியது. சின்னம்மாவை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, மேற்கொண்டு டீச்சர் வேலைக்குப் படிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"படிச்சு என்னா கிழிக்கப் போற? நல்ல காலம் கதவத் தட்டுது, தொறக்காம நிக்கிறியே" என்றாள் அம்மா.

மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பாவும் அம்மாவும் போனபோது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நல்ல நேரம் தவறக் கூடாதென்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்பியது. நல்ல வெயில். சொல்தா வாசலுக்கே வந்து "போன்ழூர்" என்றார். அப்பாவும் விட்டுக்கொடுக்காமல் ஒரு "போன்ழூர்" சொன்னார். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு பிஸ்கட் தட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. முற்றத்தில் நின்று மாடிச் சன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். உயரம் உயரமான மரச் சன்னல்கள். ஆறு திறந்திருந்தன. ஏழாவது மூடியிருந்தது.

"அந்த சன்னல் ஏன் மூடிக்கெடக்கு?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டேன்.

சொல்தா தட்டைக் கீழே வைத்தார். "அது அவ ரூமும்மா. பூட்டியேதான் கெடக்கு."

அப்போது மேலே மூன்று தட்டு கேட்டது. புறாவாக இருக்கும், இப்போது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். அன்றைக்கு தம்பியை அம்மா மடியில் போட்டுவிட்டு, வீறிட்டுக் கத்தி, கீழே விழுந்தேன். பயத்தில் விழவில்லை. புத்தகத்துக்குள் இருந்த வீடு எழுந்துவந்து எதிரே நின்றால் யாருக்குத்தான் கால் நிற்கும்? சந்தோஷமும் வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து தள்ளிவிட்டன.

மூன்று நாள் காய்ச்சல். ஜன்னியில் சன்னல் சன்னல் என்று பிதற்றினேனாம். அந்த வீட்டுச் செத்தவள் என்னைப் பிடித்துக்கொண்டாள் என்று அம்மா முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூசாரி பம்பையோடு வந்து சேர்ந்தார். காய்ச்சல் அதற்கு முந்தின நாளே விட்டிருந்தது. ஆனால் பேய் ஓட்டுவதை நேரில் பார்க்கிற வாய்ப்பை விட எனக்கு மனசில்லை. அக்கம்பக்கம் முழுக்க வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"யார்ரீ நீ? பேரச் சொல்லு!" வேப்பிலை முதுகில் விழுந்தது.

"லில்லி" என்றேன்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அந்தம்மா பேரு வேறயாச்சே?"

"பேர மாத்திச் சொல்லுது, கள்ளப் பேயி" என்றார் பூசாரி, அசராமல். "எங்கேர்ந்து வந்த?"

"மலைமேல பங்களா."

"நம்ம ஊர்ல ஏதுடி மலை?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. பேசாமல் இருக்கும்படி அவளைப் பத்துப் பேர் அதட்டினார்கள்.

பூசாரி வழக்கமான கேள்விக்கு வந்தார். பேய் எதையாவது கேட்கும், அதைக் கொடுத்தால் போய்விடும், அதுதான் முறை. "என்னா வேணும் உனக்கு? கருங்கோழியா? சாராயமா? சேலையா?"

கோழி என்றிருக்கலாம். மூன்று நாளாகக் கஞ்சிதான் குடித்திருந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பசி ஒன்று இருந்தது.

"ஏழாவது சன்னல்ல யாருன்னு தெரியணும். சின்னம்மாவப் படிக்கச் சொல்லு."

பம்பை நின்றது. "இருவது வருசமா ஓட்டுறேன். படிக்கச் சொல்ற பேய இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பூசாரி.

சின்னம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்துவந்தாள். அட்டையைப் பார்த்ததும் அம்மா கை ஓங்கினாள். "இதானாடி சங்கதி? புள்ளைக்கு இதத்தான் ஊட்டினியா?"

"வுடு" என்றார் அப்பா. "கேட்டதக் குடுத்துட்டா போயிடும்ல. நீ படிம்மா."

அவள் நடுக்கூடத்தில் நின்று படித்தாள். அப்பா அவளுக்குப் பின்னால், தோளை ஒட்டி நின்றார். லில்லி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். சன்னல் திறந்தது. உள்ளே இருந்தது பேயில்லை. ஒரு பெண். இரண்டு கையும் வீங்கியிருந்தன. நான் செத்தவள் இல்லை, திறந்துவிடுங்கள் என்றுதான் இத்தனை நாளும் தட்டினேன் என்றாள் அவள். நீங்கள் என்னைப் பேய் என்று நினைத்தீர்கள். தட்டத் தட்ட ஆணி அடித்தீர்கள். ஆணி அடித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் என் நல்லதுக்கென்றுதான் அடித்தீர்கள்.

அவள் குரல் வழக்கம்போல் அடிக்குரல் இல்லை, உரக்க இருந்தது. தண்ணீர் குடிக்கவும் போகவில்லை. முடிக்கும்வரை பக்கத்தை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. ஒரே தாளில் இவ்வளவு கதையா, அச்சுப் போட்டவன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாதான் கேட்டார். "அப்பறம் அந்தப் பொண்ணு என்னா ஆனா?"

"அது போடல மாமா" என்றாள் சின்னம்மா. "சன்னல் தொறந்த வரைக்கும்தான்."

பூசாரி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மூலைக்கொன்றாக வீசி, பேய் போய்விட்டது என்றார். எனக்கும் திருப்திதான். நல்ல முடிவு. பேய் போன பிறகு அம்மா போட்ட அடிதான் உண்மையில் வலித்தது.

மறுநாள் அப்பா சொல்தா வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். குழந்தைக்குக் காற்று பட்டுவிட்டது, சகுனம் சரியில்லை, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். என்னால் ஒரு நல்ல இடம் கெட்டுப்போனதாக அம்மா வருடக்கணக்கில் திட்டினாள். நானோ உள்ளூரப் பெருமைப்பட்டேன். ஒரு கல்யாணத்தையே நிறுத்திய பேய் இந்த ஊரில் வேறு யாருக்குப் பிடித்திருந்தது? என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தேன்.

சின்னம்மா டீச்சராகி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, உழவர்கரையில் வீடு கட்டி, போன வருடம் போய்ச் சேர்ந்தாள். அவள் பெட்டியில் அந்தப் புத்தகம் இருந்தது. கடைக்குத் திருப்பித் தராமலே வைத்திருந்திருக்கிறாள். முடிவை இன்னொரு முறை கேட்கலாமென்று, இதை எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தியிடம் கொடுத்தேன்.

"ஆயா, கத பாதியிலேயே நிக்குதே" என்றாள். லில்லி சன்னல்மீது கையை வைத்தாள் என்பதுதான் கடைசி வரியாம். அதற்குப் பிறகு தாள் இல்லை. தையலில் கிழிசல் ஓரம் மட்டும் இருக்கிறது. அந்த ஓரமும் பழுப்பேறித்தான் கிடந்தது. விரலால் தடவிப் பார்த்தேன்.

எனக்குத்தான் அன்றைக்கு எழுத்து தெரியாது. அப்பா தினம் மில் வாசலில் பேப்பர் படிப்பவர். அவள் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

போதும், இத்தோடு நிறுத்து. இப்போது எழுதியதை எனக்குப் படித்துக் காட்டு. நான் சொன்னதை மட்டும் படி, கண்ணு. பக்கத்தைத் திருப்பும்போது எனக்குச் சத்தம் கேட்கும்படி திருப்பு.