போலீஸ் இல்லாத முனை

கடலூர் மஞ்சக்குப்பம் சிக்னலில் நேற்று ஒரு போலீஸ்காரர் நீளமாக விசில் ஊதினார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த நான் சட்டென்று சிதம்பரம் கீழவீதிக்குப் போய்விட்டேன்.

நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் ஒரே சைக்கிள்தான். முன்கம்பியில் நான், கேரியரில் அம்மா, நடுவில் மூச்சிரைக்க அப்பா. டபுள்ஸ் போனாலே போலீஸ் பிடிக்கும் காலம் அது; முன்கம்பிக் குழந்தை மட்டும் கணக்கில் வராது. அதனால் கீழவீதி முனை வந்ததும் அம்மா குதித்துவிடுவாள். போலீஸ்காரரைத் தாண்டும்வரை கோயிலுக்குப் போகிறவள்போல நடந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் முனையில் போலீஸ்காரர் இல்லை. அப்பா உற்சாகமாக மிதித்தார். அம்மா வாங்கிய கத்திரிக்காய் அத்தனையும் சொத்தை என்று வழியெல்லாம் குறை சொன்னார். பதிலே வராததில் அவருக்கு ஏக சந்தோஷம். வீட்டு வாசலில் திரும்பிப் பார்த்தால் கேரியர் காலி. அம்மா வழக்கம்போல முனையிலேயே குதித்திருக்கிறாள்.

"எங்கடி உங்கம்மா?" அப்பா என்னைக் கேட்டார்.

அவர் சைக்கிளைத் திருப்புவதற்குள் இன்னொரு சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அதே போலீஸ்காரர், லுங்கியில். கேரியரில் அம்மா.

"தனியா நடந்து வந்தாங்க சார். எனக்கு இன்னிக்கு லீவு, அதான் ஏத்திக்கினு வந்தேன்."

நேற்று ஆட்டோவிலிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். "அன்னிக்கு போலீஸே இல்லாத முனையில ஏம்மா எறங்குன?"

"போலீஸ் இல்லன்னா எறங்க வேணாம்னு யாருடி சொன்னா?"