பதினோரு வினாடியும் ஒரு வினைச்சொல்லும்

வலது கை மவுஸை அழுத்தியது. பதினோரு வினாடி ஓடியதும் மறுபடி அழுத்தி நிறுத்தியது. இடது கை, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தது. அது முப்பத்தேழாவது கோடு.

ஹெட்ஃபோனுக்குள் ஒரு தாய் கேட்கிறாள்: "ஏண்டா இப்டி மூச்சு வாங்குது? எங்க இருக்க?"

மகன் சொல்கிறான்: "கோவத்துல கொட்டிட்டேம்மா."

அதன்மேல் ரயில் ஊதுகிறது. ஊதல் அடங்கும்போது அவனுடைய அடுத்த வாக்கியத்தின் வால் மட்டும் மிஞ்சுகிறது: "...முடியாது இனிமே."

"சரி, நீ மொதல்ல வூட்டுக்கு வா," என்கிறாள் தாய். பதிவு முடிகிறது.

விரல்கள் அந்த வாலைத் தனியாக நறுக்கி வேகத்தைக் குறைத்து ஓட்டின. ஒரு தடவை ‘அள்ள முடியாது’ என்று கேட்டது. அடுத்த தடவை ‘சொல்ல முடியாது’. மூன்றாம் தடவை வெறும் ரயில். பென்சில் நோட்டில் எழுதியது: ‘ஊதலுக்கு அடியில் இருப்பது கேட்கவில்லை.’ அள்ள என்றே எழுதிவிடலாம்; கொட்டியது வார்த்தை என்று ஆகிவிடும். எழுதினால் ஒருவன் வீட்டுக்குப் போவான். ஆனால் அது கேட்கவில்லை.

அந்தக் கைகள் மங்கையர்க்கரசியுடையவை. வயது ஐம்பத்தாறு. கோர்ட்டில் அத்தனை எழுத்தையும் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் அங்கே அவர் மங்கம்மா. அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பத்தொன்பது வயதில் செகந்திராபாத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். தெலுங்கு வாக்குமூலத்தையும் அதன் ஆங்கில நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்தச் சொல்லாக மாறியது என்று தானாகவே பார்த்துக் கற்றார். பட்டம் கிடையாது. இருபத்தாறு வருடமாக, தமிழ் பேசும் சாட்சி வந்தால் கோர்ட் கூப்பிட்டு அனுப்புவது அவரைத்தான். இப்போது சைனிக்புரியில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறார். மகள் சுஷ்மாவுக்கு கச்சிபௌலியில் வேலை, அங்கேயே ஃபிளாட்.

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வழக்கு என்னவென்று தெரியாமல் கேட்பார். என்ன கேட்டதோ அதை எழுதிவிட்டுத்தான் காகிதங்களைப் புரட்டுவார். தெரிந்துகொண்டு கேட்டால் காது தெரிந்ததையே கேட்கும் என்பது அவர் கணக்கு. இந்த முறையும் அப்படித்தான் செய்தார். முதல் நாளே, ஒரு நொடி யோசிக்காமல், ஆங்கிலத்தில் எழுதியது இது: கோபத்தில் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன், அம்மா.

பிறகு காகிதங்களைப் பார்த்தார்.

பேசியவன் கிரி, வயது இருபத்தேழு, பட்டறையில் கான்ட்ராக்ட் வேலை. செத்தவன் மோகன், கிரியின் அக்கா காஞ்சனாவின் புருஷன். அடி வாங்கி, காது வீங்கி, காஞ்சனா அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் கிரி அவனைக் கேட்கப் போனான். மோகன் குடியிருந்த குவார்ட்டர்ஸ் மாடியில் சண்டைச் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஏழு மணிக்கு கிரி படியிறங்கிப் போனதை ஒருவர் பார்த்தார். ஏழு பன்னிரண்டுக்கு அம்மாவுக்குப் போன் செய்தான். ஏழரைக்கு மோகன் அந்தப் படிக்கட்டின் அடியில் பின்மண்டை உடைந்து கிடந்தான்.

அடித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

மண்டை கனமான பொருளாலும் உடைந்திருக்கலாம், கல்படியில் விழுந்தும் உடைந்திருக்கலாம் என்றார் டாக்டர். வயிற்றில் சாராயம் இருந்தது. கிரியின் பையில் ஒரு பெரிய ஸ்பானர் கிடைத்தது. அதில் ரத்தம் இல்லை. அவன் அதைத் தினமும் வேலைக்குக் கொண்டுபோகிறவன். சண்டை, படியிறங்கியது, ஸ்பானர். மூன்றும் இப்படியும் திரும்பும், அப்படியும் திரும்பும். திரும்பாதது நாலாவது, அந்தப் போன்தான். காவல் நிலையத்தில் தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்திருந்தார்: கோபம்லோ வாண்ணி கொட்டேசானம்மா. வாண்ணி என்றால் அவனை. தெலுங்கில் கொட்டுவது என்றால் அடிப்பது. ஆங்கிலத்துக்குப் போனபோது அது ‘அவனை அடித்துவிட்டேன்’ ஆயிற்று.

பதிவில் ‘அவனை’ என்ற சொல்லே இல்லை. மங்கையர்க்கரசி அதை முதல் குறிப்பாக எழுதி அடிக்கோடிட்டார்.

தன் போனில் தானாகப் பதிவாகியிருந்த அந்தப் பேச்சைப் போலீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததே கிரியின் தாய் தாயம்மாள்தான். மூன்றாம் நாள், யாரும் கேட்காமல், போனை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தன் பிள்ளை வாயால் சண்டை போட்டதோடு சரி, கேளுங்கள் என்று நீட்டியிருக்கிறாள்.

கோர்ட்டில் கிரியின் வக்கீல் சுதர்சன் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அன்று கிரியை ஜெயிலிலிருந்து கொண்டுவரவில்லை. நீதிபதி அம்மா இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னதை மங்கையர்க்கரசி ஓரமாக நின்று கேட்டார். கண்ணால் பார்த்தவர் இல்லாத வழக்கு. ஒவ்வொரு சூழ்நிலையும் தனித்தனியாக நிற்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இவன்தான் என்ற ஒரே இடத்துக்குப் போக வேண்டும். வேறு ஒரு நியாயமான விளக்கத்துக்கு இடம் இருந்தால், அந்த இடம் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு உரியது. ஆகவே அந்த வினைச்சொல்லின் பொருளை மொழிபெயர்ப்பாளர் திங்கட்கிழமை காலை எழுத்தில் தர வேண்டும்.

தன் முதல் மொழிபெயர்ப்பு சரி என்று சனிக்கிழமை மதியம்வரை அவருக்குச் சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. கீழே போய்ப் பார்த்தால் தாயம்மாள். லாலாகுடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, கோர்ட்டுல மொழி எளுதறவங்க நீங்கதான?"

"நான் உங்ககூடப் பேசக்கூடாதும்மா. வழக்கு நடக்குது. நீங்க கெளம்புங்க."

"பேச வாணாம். நீங்க பேசாதீங்க. நான் பேசறேன், நீங்க கேளுங்க."

"கேக்கவும் கூடாது."

"காத எப்டிம்மா மூடுவ," என்றாள் தாயம்மாள். கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள தமிழுலதான பேசினான்? கொட்டறதுன்னா இன்னா? தண்ணியக் கொட்டறது, குப்பையக் கொட்டறது, வாயில இருக்கறதக் கொட்டறது. இது அந்த போலீசுக்காரனுக்குத் தெரியல. உனக்குத் தெரியுமே. நீயும் நம்ம ஊர்க்காரப் பொம்பளதான?"

"தயவு செஞ்சு போங்கம்மா. நீங்க இங்க நிக்கறதே உங்க பையனுக்குக் கெடுதல்."

"போறேன். போயிட்டே இருக்கேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. அந்த ஆளு எம் பொண்ண தெனம் கொட்டுவான். காதுலயே கொட்டுவான். அப்ப ஒருத்தன் வந்து கேக்கல. எம் புள்ள ஒரு நாள் போயி நாலு வார்த்த பேசினான், அதுக்கு ஆயுசு முழுக்க உள்ள வெக்கறதா?"

சொன்னது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. கம்பியை விட்டாள், செருப்பை மாட்டினாள், பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

மங்கையர்க்கரசி கேட்டுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றார். கொட்டுவான். காதிலேயே கொட்டுவான். அந்த வீட்டில் கொட்டுவது என்றால் அடிப்பதும்தான்.

மாடிக்கு வந்து வெகுநேரம் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வழக்கில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவள் தெருவில் நின்று சொன்னதை எடுத்து மொழிபெயர்ப்பில் வைக்க முடியாது. அது சாட்சியமும் இல்லை, தன் வேலையும் இல்லை. ஆனால் காதில் விழுந்த பிறகு, கொட்டுவது என்றால் ஊற்றுவது மட்டுமே என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? அவள் சொல்லாமலே தனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? லாலாகுடாவில் பிறந்து வளர்ந்த காது, ஒரு நொடி யோசிக்காமல் ஒரே பொருளை எழுதியதே, ஏன்? பையன் குரலில் இருந்த பயமா?

சுஷ்மாவுக்குப் போன் செய்தார்.

"ஒரே ஒரு வார்த்தை கேக்கறேன். எதுக்குன்னு கேக்காத. கொட்டிட்டேன்னு ஒருத்தர் சொன்னா உனக்கு என்ன தோணும்?"

"எவரினி?"

"யாரைன்னு சொல்லல. கொட்டிட்டேன், அவ்வளவுதான்."

"ஹிட் தானே மா. கொட்டினேன்."

"அது தெலுங்கு. நான் தமிழ்ல கேக்கறேன்."

"தமிழ்லயும் நுவ்வே அலாகே அண்டாவு கதா, நீயே அப்படித்தானே சொல்லுவே," என்று சிரித்தாள் சுஷ்மா. "ஹோம்வொர்க் செய்யலேன்னா, ‘இப்ப கொட்டுவேன் பாரு’ன்னு ஸ்கேல் எடுத்துட்டு வருவே. தண்ணி ஊத்தறதுக்கா ஸ்கேல்?"

மங்கையர்க்கரசிக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போயிற்று.

"ஏமைந்தி மா?"

"ஒண்ணுமில்ல. சாப்டியா?"

அது போதும். தாயம்மாளின் வாய் வேண்டாம், தன் வாயே போதும். லாலாகுடா, மெட்டுகுடா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு தலைமுறையாகத் தெலுங்கு ‘கொட்டு’ தமிழ் விகுதி மாட்டிக்கொண்டு நடமாடுகிறது. அதே வீடுகளில் தமிழ்க் ‘கொட்டு’வும் கூடவே இருக்கிறது. ‘கொட்டிட்டேன்’ என்று வந்தால் வெளியிலிருந்து பார்க்க இரண்டுக்கும் ஒரே முகம். யாரை என்று இருந்தால் அடி. எதை என்று இருந்தால் கொட்டல். இந்தப் பதிவில் யாரையும் இல்லை, எதையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தார். தொழிலில் பழகிவந்த முறை ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு சொல். விளக்கம் எழுதினால், மொழிபெயர்ப்பாளர் வக்கீல் வேலை பார்க்கிறார் என்பார்கள். இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு சொல்லுக்கு எதிரே இரண்டு சொல் எழுதியதில்லை.

எழுதினார். பதிவில் உள்ள தமிழை உள்ளபடி. எதிரில், அ: கோபத்தில் அடித்துவிட்டேன். ஆ: கோபத்தில் கொட்டித் தீர்த்துவிட்டேன். கீழே குறிப்பு: செயப்படுபொருள் பேசப்படவில்லை, ‘அவனை’ என்பது பதிவில் இல்லை. இரண்டு பொருளும் அந்தப் பகுதித் தமிழில் வழக்கில் உள்ளவை. இதை நான் என் சொந்தப் பேச்சிலிருந்து சொல்கிறேன். அடுத்த வாக்கியத்தின் முதற்பகுதி ரயில் ஊதலால் கேட்கவில்லை.

எது அதிகப் பொருத்தம் என்று ஒரு வரி எழுதலாமா என்று விரல் நின்றது. அவர் மனதில் ஒன்று சாய்ந்துதான் இருந்தது. கேட்டில் நின்று அந்தத் தாய் பேசிய நிமிடத்திலிருந்து, பையன் அடித்திருப்பான் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. அந்தத் தோன்றலுக்குக் காரணம் பதிவில் இல்லை, கேட்டில் இருந்தது. அந்த வரியை அவர் எழுதவில்லை.

தனித்தாளில் இன்னொன்று எழுதினார். சனிக்கிழமை மதியம் குற்றம் சாட்டப்பட்டவரின் தாய் என் வீட்டுக்கு வந்தார். நான் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. அவர் சொன்னது எதையும் இந்த மொழிபெயர்ப்பில் பயன்படுத்தவில்லை. கோர்ட் விசாரித்தால் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். கையெழுத்துப் போட்டார். விசாரித்தால், காதில் விழுந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அப்போது ஆ என்ற வரியை அந்தத் தாயே அடித்துப்போட்டது போலாகும். தாளைக் கிழிக்க ஒரு நிமிடம் போதும், வந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. தாளை மடித்து உறையில் போட்டார்.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு கோர்ட் ஹாலில் பெஞ்ச் கிளார்க் கிருஷ்ணா உறையைப் பிரித்துப் பார்த்தார்.

"மங்கம்மகாரு, இதேமிட்டி? ஒக்கடே மாட்ட ராயண்டி. இந்தக் கட்டத்துல ஒரு வார்த்தைக்குத்தான் இடம்."

"ரெண்டு இருக்கு. ரெண்டும் எழுதியிருக்கேன்."

"சர்க்கார் வக்கீல் பி.பி. சாப் கத்துவார். சுதர்சன் சாரும் கத்துவார். ரெண்டு பேரும் உங்க மேலதான் விழுவாங்க. கைக்கு மேடம், எதுக்கு இந்த டென்ஷன்? எது ஜாஸ்தி சரியோ அது ஒண்ணு போடுங்க."

"எது ஜாஸ்தின்னு சொல்றது அங்க உக்கார்றவங்க வேலை."

"நூத்துக்கு எவ்ளோன்னாவது சொல்லுங்க. அறுபது, நாப்பது?"

"நக்கோ கிருஷ்ணா, வேணாம். நம்பர் பதிவுல இல்ல."

கிருஷ்ணா தலையை ஆட்டினார். தனித்தாளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். "இதுவும் சேர்த்தா?"

ஹாலுக்கு வெளியே நீண்ட பெஞ்சில் தாயம்மாளும் காஞ்சனாவும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு வழியே தாயம்மாள் மங்கையர்க்கரசியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டருகே இரண்டு போலீசுக்கு நடுவில் கிரி நின்றான். பதினோரு வினாடியாக மட்டும் தெரிந்த குரலுக்கு இப்போதுதான் முகம் கிடைத்தது. மெலிந்த முகம். அதிலிருந்தும் ஒன்றும் படிக்க முடியவில்லை.

உள்ளே மணி அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள்.

"மேடம், சேர்த்தா இல்லையா? சீக்கிரம்."

மங்கையர்க்கரசி தனித்தாளை மொழிபெயர்ப்பின் பின்னால் வைத்து, நாலு மூலையும் சமமாகத் தட்டி, குண்டூசி குத்தி, இரண்டையும் ஒன்றாக கிருஷ்ணாவின் கையில் கொடுத்தார்.