ஞானம்மா மிஸி பார்த்துச் சொன்ன நேரம்

ஆஸ்பத்திரித் தாதி ஞானம்மா மிஸி மோசம் போயிட்டா, கண்ணை மூடிட்டா என்று மீன்கார யோசேப்பு படலையில் நின்று சொன்னபோது, அந்த ஆஸ்பத்திரி அறையில் அன்று நின்றவர்கள் ஒவ்வொருவராக என் முன்னால் வந்தார்கள். டொக்டர் சின்னத்துரை. என் அம்மா தங்கம்மா. கதவுக்கு வெளியே அப்பா வேலாயுதம். என் கையைப் பிடித்தபடி மிஸி. கட்டிலில் நான், பாக்கியம். மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். மிஸியை அறிந்த உங்களுக்கு அந்த நாளைச் சொல்ல இனி நான்தான் மிச்சம்.

யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட வருசம் அது. பட்டணத்தில் எந்த ஒழுங்கையில் திரும்பினாலும் நேவிக்காரர். எனக்குப் பதினைந்து வயது முடிந்தும் நான் பெரியபிள்ளை ஆகவில்லை. ஆனால் மாதா மாதம் அடிவயிறு பிடுங்கி எடுக்கும். அம்மா கசாயம் காய்ச்சித் தருவா. பிறகு வயிறு மெல்லப் பொங்கத் தொடங்கியது. எங்கள் ஊர் சாம்பல்தீவுக் கிணற்றடிக்கு வேறு கதை வேண்டுமா? அப்பாவின் தங்கச்சி, என் மாமிதான் தொடக்கி வைத்தா. “கப்பல்காரன் குடுத்ததை எவ்வளவு காலம் மறைப்பியள் மச்சாள்?” என்று அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டா. அன்றோடு அப்பா என்னோடு கதைப்பதை விட்டார்.

ஒரு காலை எனக்குச் சிறுநீர் சொட்டும் போகவில்லை. துடித்தேன். அப்பா மாட்டு வண்டியைப் பூட்டினார். “ஆஸ்பத்திரியில உண்மை தெரியட்டும். கதை மெய்யெண்டால் இவள் என்ர வீட்டுக்குத் திரும்பி வரத் தேவையில்லை” என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கும் கேட்டது.

மிஸி ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வடித்துவிட்டா. “துறைமுகத்துத் தண்ணி முழுக்க நீயே குடிச்சனியோ பிள்ளை?” என்றா. அந்த நோவிலும் சிரித்தேன். டொக்டர் கேட்டதற்கெல்லாம் அம்மா பதில் சொல்லப் போக, மிஸி மறித்தா. “நோகிறவள் சொல்லட்டும் அம்மா.” அதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

பரிசோதித்துவிட்டு டொக்டர் அப்பாவையும் உள்ளே கூப்பிட்டார். “பிள்ளைத்தாச்சி இல்லை. பிறக்கேக்கையே இவளுக்குக் கீழ்வாசலை ஒரு சவ்வு மூடியிருக்கு. மாத இரத்தம் வெளியே வர வழியில்லாமல் தேங்கி மூத்திரப்பையை நெரிக்குது. ஒரு சின்ன வெட்டுத்தான்.” அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அவர் விம்மியது உள்ளே கேட்டது.

வெட்டியதும் தார் போலக் கறுத்த இரத்தம் வந்தது. என் வயிறு இறங்கியது. அம்மா முதலில் கேட்டது என்ன தெரியுமா? “மிஸி, நேரம் என்ன?” பெரியபிள்ளையான நேரத்தைச் சாத்திரியாரிடம் சொல்ல வேண்டுமே!

டொக்டர் சிரித்தார். “இது எத்தனையோ மாதமாய் உள்ளே கிடந்த இரத்தம். எந்த நேரத்தைச் சொல்லப் போறியள்?”

அம்மாவின் முகம் செத்துப்போனது. மிஸி விடவில்லை. “பத்து மாதம் வயித்துக்குள்ள கிடந்தாலும் பிள்ளை வெளியில வந்த நேரந்தானே சாதகத்துக்கு? பத்தேகால். நான் மணிக்கூட்டைப் பார்த்திட்டன்.” டொக்டர் கத்தியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாத்திரியாரும் அந்தப் பத்தேகாலை நல்ல நேரம் என்றார்!

சாமத்தியச் சடங்குக்கு மாமிதான் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். அம்மா பகையை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டா. மாமி வந்தா, குடத்தைத் தொடவில்லை. “வெட்டி எடுத்தது இரத்தமோ பிள்ளையோ, ஆர் கண்டது?” என்றா, முற்றம் நிறையச் சனம் இருக்க.

“நான் கண்டனான்” என்று பின்னால் ஒரு குரல். வெள்ளை உடுப்போடு பஸ்ஸில் வந்து இறங்கிய மிஸி. “ஆறு விரலோட பிறக்கிற பிள்ளை இல்லையா? அது மாதிரித்தான் இதுவும். பிறவியில வந்தது. இதில வெட்கப்பட என்ன கிடக்கு? உங்கட பிள்ளையளுக்கும் இப்பிடி நொந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

பிறகு குடத்தைத் தூக்கினா. “சேர்ச்சுக்குப் போற வேதக்காரி வார்க்கலாமோ?” என்று ஒருத்தி இழுத்தா. அப்பா எழும்பினார். “வாருங்கோ மிஸி. இண்டையிலிருந்து என்ர தங்கச்சி நீங்கள்தான்.”

மிஸிக்கு வார்க்கத் தெரியாது. பாதித் தண்ணீர் அவவின் உடுப்பில். முற்றமே சிரித்தது. அப்பா என் தலையைத் துவாயால் துவட்டி, “குளிருதோ மோனை?” என்று கேட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பா என்னோடு கதைத்த கதை அது. நனைந்த உடுப்போடு மிஸி சம்மணம் கட்டியிருந்து பால்ரொட்டி தின்றா.

என் பிள்ளைகள் ஐந்து பேரையும் பிறக்கையில் ஏந்திப் பிடித்ததும் மிஸியின் கைதான். அவவிடமிருந்து நான் வைத்திருப்பது, நோகிறவளையே கேட்கிற பழக்கம். என் பெண்களையும் பேத்திகளையும் அப்படித்தான் கேட்டேன். ஊரில் எந்தக் குமர்ப்பெண் வயிற்றைப் பிடித்தாலும், தாயைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவளைக் கேட்பேன்.

மிஸி என்னைக் காணும்போதெல்லாம் ஒன்று கேட்பா. “அவவும் செத்துப் போயிட்டா பாக்கியம். மன்னிச்சு விட்டிடன்.” “பார்ப்பம் மிஸி” என்று மழுப்பிவிடுவேன். இனி மழுப்ப ஏலாது. மிஸி, நீங்கள் சொன்ன மற்ற எல்லாம் கேட்டனான். ஒரு ஆளை மட்டும் மன்னிக்க மாட்டேன்: என் அப்பாவின் தங்கச்சி, பறுவதம்.