வண்டியை நேராக்கினோம், வண்டி வலது பக்கம் போனது!

இன்று காலை மும்பை குர்லாவில் ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

கோணல் வண்டியிலா, என்னிலா?

(போனில் மெதுவாகத்தான் தட்டுகிறேன். எழுதப் படிக்கக் கற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. இதுவரை எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது!)

நாங்கள் தாராவி. வீட்டுக்கு ஒரே டாக்ஸி. காலையில் நான் ஓட்டுவேன், சாயங்காலம் என் மகன் முருகேசன் ஓட்டுவான்.

போன வாரம் மாட்டுங்காவில் ஒரு அம்மா ஏறினார். போகும் வழியில் தண்ணீர் குடிக்க ஒரு கையை எடுத்தேன். வண்டி தானாக இடது பக்கம் நகர்ந்து நடைபாதையை உரசப் பார்த்தது.

பின்னாலிருந்து அந்த அம்மா கேட்டார்: "ஏன் மாமா, தூங்கிட்டேளா?"

தூங்கவில்லை! சத்தியமாகத் தூங்கவில்லை!

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"யப்பா, ஒங்களுக்கு வயசாயிட்டு. கையில பலம் இல்ல. நான் ஓட்டும்போது அப்படியா போகுது?" என்றான் முருகேசன்.

"ஏலே, வண்டிதான்லே இழுக்குது."

"வண்டி என்ன மாடா, இழுக்கதுக்கு?"

பேச்சு வளர்ந்து கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்து, சக்கரங்களை நேராக்கிவிடுவது. அதற்குப் பிறகு வண்டி நேராகப் போனால் நான் தொடர்ந்து ஓட்டலாம். அப்போதும் ஒரு பக்கம் போனால் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டும்.

(வீட்டில் உட்காருவதா! எங்கள் வீட்டில் உட்கார இடம் எங்கே இருக்கிறது?)

நானும் முருகேசனும் ஒர்க்ஷாப்பை முடித்துக்கொண்டு அப்படியே ஐரோலியில் மகள் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். அதனால் என் மனைவி செல்லத்தாயும் மீன்குழம்புத் தூக்குச்சட்டியோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஒர்க்ஷாப் காதர் பாய் நம் ஊர்ப் பக்கத்து மனிதர். குனிந்து இடது முன் டயரைக் காட்டினார்.

"தடவிப் பாருங்க அண்ணாச்சி."

தடவினேன். டயரின் வெளியோரம் என் தலையைப் போல வழுக்கை! உள்ளோரம் புதிது போல இருந்தது.

"வீலு வெளிப்பக்கம் சாஞ்சு நிக்கி. அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம்தான் வண்டி போவும். நீங்க உங்களுக்கே தெரியாம ஸ்டீயரிங்க வலது பக்கம் அழுத்திப் பிடிச்சு நேரா ஓட்டிருக்கிய. கைய லேசா விட்டா அது குணத்தக் காட்டிரும்."

"கேட்டியாலே?" என்றேன் மகனிடம்.

அவன் டயரையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் எழுத்து போதாது!

பாய் நான்கு சக்கரத்திலும் ஏதோ தகடுகளை மாட்டினார். கீழே போய் போல்ட்டைத் திருகினார். கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் எல்லாம் பச்சையாக மாறின.

"சலோ, ஏக்தம் சீதா! இனி அம்பு மாதிரி போவும்."

ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தேன். சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்தோம்.

வண்டி வலது பக்கம் போனது!

"யப்பா! டிவைடர்! டிவைடர்!"

இழுத்து நேராக்கினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் வலது பக்கம்! பின்னால் தூக்குச்சட்டி குலுங்குகிறது, செல்லத்தாய் முருகனைக் கூப்பிடுகிறாள்.

எனக்குத் தலை சுற்றிவிட்டது. இடது பக்கம் போனதைச் சரிசெய்தால் நேராகத்தானே போக வேண்டும்? பாய் ஒரு திருகு கூடுதலாகத் திருகிவிட்டாரா? இல்லை, நிஜமாகவே எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

"யப்பா, பேசுனது பேசுனதுதான். வண்டி இப்ப சரியா இருக்கு. சாவியக் குடுங்க."

ஓரமாக நிறுத்தினேன். சாவியைக் கொடுத்தேன். சுற்றி வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். என் வண்டியில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடினேன்.

முருகேசன் கண்ணாடியைச் சரிசெய்தான். தொண்டையைச் செருமினான். வண்டியை எடுத்தான்.

வலது பக்கம் போனது!

சட்டென்று இழுத்தான். நேராக வந்தது. பிறகு மெல்ல மெல்ல... வலது பக்கம்.



பின்சீட்டிலிருந்து செல்லத்தாய் கேட்டாள்: "ஏலே முருகேசா, ஒனக்கும் வயசாயிட்டோ?"

அவன் மறுபடியும் ஓரம்கட்டி பாய்க்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரே சிரிப்பு.

"ரெண்டு பேரும் இவ்வளவு நாளா வலது பக்கம் அழுத்திப் பழகுன கைதானே! வண்டிய நான் நேராக்கிட்டேன், கைய எப்படி நேராக்க? லேசாப் பிடிங்க, அதுபாட்டுக்குப் போவும்."

முருகேசன் இறங்கினான். சாவியை என் மடியில் வைத்தான்.

"நீங்களே ஓட்டுங்கப்பா. டிவைடரப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

ஐரோலி வரை நான்தான் ஓட்டினேன்! முட்டையைப் பிடிப்பது போல ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். மகள் வீட்டு வாசலில் இருந்துதான் இதைத் தட்டுகிறேன்.

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. கையை நினைத்துக்கொண்டே ஓட்டினால் நேராகப் போகிறது. மறந்தால் வலது பக்கம் போகிறது. இடது பக்கம் போனது வண்டியின் குற்றம், சரி. வலது பக்கம் போவது யார் குற்றம்?

இதைப் படிப்பவர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கை பழையதை மறக்க எத்தனை நாள் ஆகும்?

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். சாயங்காலம் மகன் வண்டி எடுக்க வேண்டும். அவன் கேட்க வெட்கப்படுகிறான்!