யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டவர்

போரினால் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை பூட்டப்பட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும். அப்போது நானும் கணவரும் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கலியாணப் படம் எடுக்கும் சின்ன ஸ்டூடியோ ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். படம் எடுப்பது அவர். அல்பம் செய்வது, வாடிக்கையாளரோடு கதைப்பது, அவர் மறந்துவிட்டுப் போகும் கமராப் பற்றரியை ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் நான்.

அந்தக் காலத்துக் கலியாணங்கள் ஒரு தினுசானவை. மாப்பிள்ளை கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இரண்டு கிழமை லீவில் வருவார். பெண் எப்படியோ கப்பலிலோ விமானத்திலோ அனுமதி எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருப்பாள். சொந்தக்காரரில் பாதிப்பேர் கடல் தாண்டி, மீதிப்பேர் பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம். ஆகவே வந்தவர்களைவிட வராதவர்களுக்குத்தான் படங்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. எங்கள் ஸ்டூடியோவுக்கு ஓர் இணையத்தளம் இருந்தால் எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. யோசனை என்னுடையது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் என் கணவர் இன்றுவரை அதைத் தன்னுடையது என்று சொல்லித் திரிகிறார்.

எங்கள் மாடிக் குடியிருப்பில் கணினி படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தளத்தைச் செய்து தந்தாள். செய்து முடித்த பிறகுதான், இதை வைப்பதற்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியூட்டரில் வாடகைக்கு இடம் எடுக்க வேண்டும், அதற்கு ஹோஸ்டிங் என்று பெயர், அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சோதனைக்குப் படிக்கப் போய்விட்டாள். கலியாண மண்டபம் பார்ப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இதையும் அப்படியே பார்த்துப் பிடித்துவிடலாம் என்று பத்திரிகை விளம்பரம் ஒன்றை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு நுகேகொடைக்குப் புறப்பட்டேன்.

ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறைகள். உள்ளே நான்கைந்து கம்பியூட்டர்கள், பெரிய ஏசி ஒன்று, என் வயதையொத்த ஒரு சிங்களவர். மரியாதையான மனிதர். கதிரையை இழுத்துப் போட்டு, தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, ஒரு படிவத்தை எடுத்துவைத்துச் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து கேள்விகளை ஆரம்பித்தார்.

உங்கள் தளத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எந்தெந்த நாடுகளிலிருந்து? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? என்ன மாதிரியான படங்கள்? கடைசியாக, அடையாள அட்டைப் பிரதி ஒன்று வேண்டும்.

அந்த வருடங்களில் வெள்ளவத்தையில் குடியிருந்த எந்தத் தமிழரும், நான் ஏன் கைப்பையை இறுக்கிப் பிடித்தேன் என்று கேட்க மாட்டார். வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்த நாட்டிலிருந்து, எத்தனை பேர், என்னத்துக்கு, அடையாள அட்டையைக் காட்டு. வீதித் தடையில் இதே கேள்விகள், வீட்டுச் சோதனைக்கு வந்தால் இதே கேள்விகள், பொலிஸ் பதிவுக்குப் போனாலும் இதே கேள்விகள். அதற்கு முந்தின கிழமைதான் எங்கள் மாடி முழுவதையும் சோதனை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதில்கள் என் வாயில் தயாராக இருந்தன. மூளையைக் கேட்காமலே வாய் சொல்லத் தொடங்கிவிட்டது.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். வெளிநாட்டில் எங்களுக்கு ஒருவருமே இல்லை என்றேன். ஒரு நாளைக்கு இரண்டு பேர் வந்தால் பெரிய காரியம், படங்களும் அதிகம் இல்லை என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப மிஸ், இணையத்தளம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். அடையாள அட்டைப் பிரதியோடு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். தேநீரைக் குடிக்கவில்லை. ஆட்டோவில் ஏறிய பிறகும் அந்தப் படிவத்தில் என் பெயரை எழுதினாரா இல்லையா என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் கண்ணை உருட்டினார்.

"அப்பிடியெல்லாம் கேட்டவனோ? நீர் என்ன சொன்னனீர்?"

"ஒருத்தரும் பாக்கமாட்டினம் எண்டு சொன்னனான்."

"நல்ல வேலை. விடும் அந்த ஆளை."

பிறகு லண்டனில் இருக்கும் கணவரின் தம்பியின் கிரெடிட் கார்ட்டைக் கொண்டு ஒரு மலிவான வெளிநாட்டுக் கம்பனியில் இடம் எடுத்தோம். எல்லாமே அளவில்லாமல் தருகிறோம், இருபத்து நான்கு மணி நேரமும் உதவிக்கு இருக்கிறோம் என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்ததே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான். நான் யார், எந்த ஊர், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர்களுக்குக் கவலையே இல்லை. இதல்லவா மரியாதை என்று நினைத்தேன்.

தளம் திறந்த அன்று எங்கள் ஸ்டூடியோவின் பெயர் திரையில் வந்து நின்றபோது நான் துள்ளினேன். உண்மையாகவே கதிரையிலிருந்து எழும்பித் துள்ளினேன். அடுத்த மாதமே ரொறன்ரோவிலிருந்து ஒருவர் தளத்தைப் பார்த்துவிட்டுக் கலியாணத்துக்கு எங்களைப் பதிவு செய்தார். கணவரின் நடையே மாறிவிட்டது. எங்கள் படங்களின் தெளிவு உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று, அல்பத்துக்கு அச்சடிக்கும் அதே பெரிய அளவிலேயே எல்லாவற்றையும் ஏற்றினோம். படத்தைச் சிறிதாக்குவது எங்களுக்குப் படத்தைக் கெடுப்பது போலத்தான் இருந்தது.

அந்த ரொறன்ரோ மாப்பிள்ளையின் பெண் யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கத்தவள். தகப்பன் இல்லை. தாய்க்குக் கொழும்புக்கு வர அனுமதி கிடைக்கவில்லை. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் பதில் வராமல், ஒரே மகளின் கலியாணம் தாய் இல்லாமலே பம்பலப்பிட்டியில் நடந்து முடிந்தது. மணவறையில் அந்தப் பிள்ளை அழவில்லை. எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவள் கனடா போவதற்கு முன்னால் படங்களை ஏற்றித் தரவேண்டும். தாய் யாழ்ப்பாணம் டவுனுக்கு வந்து, நெட் கபே ஒன்றிலிருந்து பார்ப்பதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். புதன்கிழமை காலை பதினொரு மணி. பின்னேரம் ஊரடங்கு, ஆகவே ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துத் தாய் திரும்பிவிட வேண்டும். வீட்டில் தொலைபேசி இல்லை. அடுத்த தடவை டவுனுக்கு எப்போது வரலாம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பெண்ணுக்கு மறுநாள் விமானம்.

திங்கட்கிழமையே நாற்பது படங்களையும் ஏற்றிவிட்டேன். புதன்கிழமை காலை கணவர் கொட்டாஞ்சேனைத் தேவாலயம் ஒன்றில் படமெடுக்கப் போயிருந்தார். பெண் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து, அந்த நெட் கபேயின் இலக்கத்துக்கு அழைத்தாள். நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் மாறியது.

"அக்கா, அம்மா வந்திட்டாவாம். ஆனா படம் ஒண்டும் இல்லையாம். இங்கிலீசில ஒரு வரிதான் இருக்காம்."

நான் என் திரையில் திறந்தேன். அதே வரி. இந்தத் தளத்தை ஒரு மாதத்தில் பார்ப்பதற்கான அளவு முடிந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள். கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ் என்று ஊர்ப்பட்ட சொந்தக்காரர் எல்லோரும் இரண்டு நாளாகத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கொழுத்த படங்களுக்கு அளவில்லாத இடத்தின் அளவு தீர்ந்துவிட்டது. அந்த அளவு கீழே பொடி எழுத்தில் இருந்ததை நான் பிறகுதான் கண்டேன். உதவி கேட்டு எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது, இரண்டு வேலை நாட்களுக்குள் ஒருவர் பதில் தருவார் என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. படங்களில் இரண்டை நெட் கபேக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தேன். அங்கே பாதியில் நின்றுவிட்டது.

நேரம் பதினொன்றே கால். பெண் ஒரு குற்றமும் சொல்லாமல் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

கைப்பையைக் கொட்டினேன். பத்திரிகைத் துண்டு இன்னும் அதற்குள்ளேதான் கிடந்தது. என் கைத்தொலைபேசியில் நுகேகொடைக்கு அழைத்து என் கடையின் பெயரைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"ஆ, ஒருத்தரும் பார்க்காத தளம். அந்த மிஸ்தானே?"

ஆம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே அதே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார். யார் பார்க்க வேண்டும்? எந்த ஊரிலிருந்து? எத்தனை படங்கள்? இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரு தாய், யாழ்ப்பாணத்தில், நாற்பது படங்கள் என்றேன். யாழ்ப்பாணம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் தொலைபேசியை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டது இதுதான்.

"அங்க லைன் ஸ்லோவா? அப்ப படங்கள் சின்னதா இருக்கணும். எல்லாத்தையும் சீடியில போட்டுக்கொண்டு ஓடி வாங்க. இங்க இருந்து செய்யலாம்."

அந்த இடத்தை விட்டு எழும்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லும்படி பெண்ணிடம் சொல்லிவிட்டு, சீடியும் கையுமாக அவளையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கையில் மருதாணி மாறாத புதுப்பெண்ணோடு நான் பறந்த அந்தப் பறப்பை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும். வழியில் ஒரு தடையில் நிறுத்தினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்த சிப்பாய் சீடியில் என்ன என்று கேட்டார். இவளுடைய கலியாணம் என்றேன். அவர் அவளுடைய கைகளைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நுகேகொடையில் படியேறியபோது பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அவர் ஒரு வார்த்தை வீணாகக் கதைக்கவில்லை. நாற்பது படங்களையும் ஒரேயடியாகச் சிறிதாக்கினார். உங்கள் தளத்தின் பெயரை இங்கே மாற்ற ஒரு நாள் பிடிக்கும், அதுவரை என் தளத்துக்குள்ளேயே ஒரு மூலையில் வைக்கிறேன் என்று சொல்லி ஒரு முகவரியை எழுதித் தந்தார். தன் மேசைத் தொலைபேசியைப் பெண் பக்கம் நகர்த்தி, குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். அவள் அழைத்து முகவரியை வாசித்தாள். நெட் கபேக்காரர் ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பிச் சொன்னார். பிறகு தாயின் குரல் வந்தது.

"பிள்ளை, பூ தெரியுது."

படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தது.

"நெத்தி வந்திட்டுது. நெத்திச்சுட்டி வடிவா இருக்கு. பொறு, இன்னும் கண் வரேல்ல."

கண் வரும்வரை காத்திருந்தோம். பிறகு, "ஓம், வந்திட்டாய்" என்றார் அந்தத் தாய். அவ்வளவு நாளும் அழாத பெண் மேசையில் தலையைக் கவிழ்த்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

நுகேகொடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்தப் படம் திறக்கப்படுகிறது என்பது அவருடைய திரையில் வரிவரியாக ஓடியது. இப்போது நாலாவது, இப்போது ஒன்பதாவது என்று எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்தில் நிறுத்தி, முப்பத்தோராவது படத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள், அதில் ஏதும் பிழையா என்று கேட்டார். எடுத்துப் பார்த்தோம். பெண் பந்தியில் உட்கார்ந்து வாய் நிறையச் சோற்றோடு பக்கத்திலிருந்த மாமியாரைப் பார்த்துச் சிரிக்கும் படம். வடிவில்லை, எடுத்துவிடும் என்று கணவர் சொன்னதை நான்தான் மறந்துபோய் ஏற்றியிருந்தேன். நாற்பதிலும் அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது அதுதான். ஒன்றரை மணி பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழும்பி ஓடினார்.

அன்றைக்கே எங்கள் தளத்தை நுகேகொடைக்காரரிடம் மாற்றக் கொடுத்தேன். அடையாள அட்டைப் பிரதியும் கொடுத்தேன். கணக்கு வைத்திருப்பவர் யாரென்று தெரிந்துகொள்ள எல்லோரிடமும் வாங்குவதுதானாம். அதன் பிறகு ஹோஸ்டிங்குக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும், உங்களிடம் நிறையக் கேள்வி கேட்கிற ஆளிடம் போங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இத்தனை வருடம் கழித்தும் அவரிடம்தான் இருக்கிறோம். மலிவுக்கு ஆசைப்பட்டுத்தானே மிஸ் முதல்நாள் என்னை விட்டு ஓடினீர்கள் என்று சந்திக்கும்போதெல்லாம் பகிடி பண்ணுவார், நானும் ஓம் என்று தலையாட்டிச் சிரித்துவிடுவேன். கஞ்சத்தனமானவள் என்று அவர் நினைப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மைக் காரணத்தைச் சொன்னால் அந்த வெட்கம் அவருக்கும் வந்துவிடுமே என்று இன்றுவரை நான் வாயைத் திறக்கவில்லை.